பச்சை வந்தால் போதும்

மலர்முகம் பள்ளிக்கு வந்த அன்று முதலில் சிவப்பானது தாளாளரின் பேரன்தான்.

ஈரோட்டிலிருந்து கோபி போகும் சாலையில் இருக்கிறது ஒளிமயம் பள்ளி. பிள்ளைகள் எத்தனை மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர், அந்த வருடம் திடீரென்று பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேள்வி ஒன்று வந்துவிட்டால் அதற்கொரு இயந்திரமும் பின்னாலேயே வந்துவிடும். மலர்முகம் என்பது கரும்பலகைக்கு மேலே மாட்டும் வெள்ளைப் பெட்டி. உள்ளே கேமரா, கீழே திரை. திரையில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், ஆசிரியரின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு விளக்கு. முகத்தையும் குரலையும் நடையையும் படித்து, எந்தப் பிள்ளையையாவது யாராவது துன்புறுத்துகிறார்களா என்று அது கண்டுபிடித்துவிடும். நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் பச்சை. கவனிக்க வேண்டியதற்கு மஞ்சள். ஆபத்தில் இருப்பதற்குச் சிவப்பு.

திறப்பு விழாவில் தாளாளர் சென்னியப்பனின் பேரன் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தான். திரை சிவந்தது, மணி அலறியது. ‘குழந்தை துன்புறுத்தப்படுகிறது. உறுதி செய்கிறீர்களா?’ என்று தாளாளரின் கைபேசி அவரையே கேட்டது.

“மிளகாய்க்கும் துயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த பதிப்புல வந்துடும் சார்” என்றான் ரிஷி. பெட்டி செய்யும் நிறுவனத்தின் இளம் பொறியாளன். எல்லோரும் சிரித்தார்கள். அதனால் எல்லோரும் பச்சையானார்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை தமயந்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

“தம்பி, சிவப்பு வந்தா என்ன ஆகும்?”

“தாளாளர் சாரோட போனுக்கு வரும் மேடம். அவர் ‘உறுதி’ன்னு அழுத்தினா குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போயிடும். ‘மறுபார்வை’ன்னு அழுத்தினா நம்மகிட்டயே இருக்கும்.”

“எங்களுக்கு ஒரு பிள்ளை மேல சந்தேகம் வந்து, பெட்டிக்கு வரலைன்னா?”

ரிஷி பெருமையோடு புன்னகைத்தான். “அதுக்குத்தான மேடம் பெட்டி? இனிமே உங்களுக்குச் சந்தேகமே வர வேண்டியதில்ல. அத அது பாத்துக்கும்.”

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். விடைத்தாள் திருத்துவது, வேன் கட்டணத்துக்குப் பெற்றோரை அழைப்பது, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று எத்தனையோ சுமை. சந்தேகப்படும் சுமையாவது இறங்கியதே என்று இருந்தது அவர்களுக்கு. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்பது அப்படியேதான் இருந்தது. சுவரில் பெட்டி வந்த பிறகு அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் பச்சை விழுக்காட்டை வைத்துப் பெட்டி மாட்டிய பள்ளிகளை நிறுவனம் தரவரிசைப்படுத்தியது. முதல் மாதம் ஒளிமயம் பதினான்காவது இடம். தாளாளர் உடனே நடவடிக்கை எடுத்தார். பிள்ளைகளை யார் துன்புறுத்துகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. காலை வழிபாட்டுக்குப் பிறகு முகப்பயிற்சி வகுப்பு வைத்தார்.

அதை நடத்தும் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர் துரைக்கண்ணுவுக்கு வந்தது. பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டுக் பாதம் தட்டையாக இருந்ததால் திரும்பி வந்தவர். மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும் குரல்.

“முகம்... மலர்! கன்னம்... மேல்! பல்லு... கொஞ்சம்! அங்க, எட்டாம் வகுப்பு, அது சிரிப்பா? கொட்டாவி! மறுபடியும்... மலர்!”

பிள்ளைகள் மலர்ந்தார்கள். பல் விழுந்த பையன்கள் உதட்டை மூடிக்கொண்டு மலர்வதற்குத் தனிப் பயிற்சி பெற்றார்கள். நாய்க்குட்டி செத்துப்போன ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணை, மஞ்சள் விழுந்துவிடும் என்று வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் மாதம் பள்ளி ஆறாவது இடத்துக்கு ஏறியது. நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. ‘மலர்முகம் ஹோம்’ என்று வீட்டில் மாட்டும் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. பிள்ளை பச்சையாக இருக்கிறதா என்று பெற்றோர் வீட்டிலேயே பழக்கிப் பார்த்து அனுப்பலாம்.

மாதந்தோறும் பள்ளியில் ‘மலர்முக மாணவி’ பரிசு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை வாங்கியவள் தமயந்தியின் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் ஆதிரை. பத்து வயது. ஒரு நொடிகூட மஞ்சளைத் தொடாத பிள்ளை. அவளுடைய அப்பா குணசீலன் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பெரிய ஜவுளிக் கடைக்காரர். பள்ளிக்கு மலர்முகம் வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் பேசியவரும் அவர்தான்.

பங்குனி மாதத்து ஒரு காலை. கரும்பலகையின் மேல் ஓரத்தில் முந்தின நாள் தேதி அழியாமல் இருந்தது. அதை அழிக்கத் தமயந்தி டஸ்டரோடு கையைச் சட்டென்று உயர்த்தினாள். பின்னால் ஏதோ தடதடவென்று சரிந்தது. திரும்பினாள். ஆதிரையின் பென்சில் டப்பாவும் பென்சில்களும் தரையில் கிடந்தன. பிள்ளை தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, முழங்கையை முகத்துக்கு முன்னால் மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

முழங்கைக்குப் பின்னால் முகம் மலர்ந்தபடி இருந்தது. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை.

பென்சில்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த வெயிலிலும் ஆதிரை முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். பெஞ்சின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள், சாய்வதே இல்லை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வேனுக்கு ஓட, அவள் மட்டும் பையை மூன்று முறை பிரித்து அடுக்கினாள். கழுத்தோரத்தில் ஒரு தழும்பு தெரிந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அதே தழும்பைப் பற்றித் தோழி கேட்க, கதவு இடித்துவிட்டது என்று சொன்னது தமயந்தியின் காதில் விழுந்தது.

அவள் தாளாளரிடம் போனாள்.

“டீச்சர், நீங்க சொல்றது யாரு? நம்ம ஆதிரையா?” சென்னியப்பன் கைபேசியைத் திறந்து காட்டினார். “பாருங்க. ஆடியிலிருந்து பங்குனி வரைக்கும் பச்சை. வயல்கூட இவ்வளவு பச்சையா இருக்காதுங்க.”

“சார், நான் கையத் தூக்கினதும் அந்தப் பிள்ளை பயந்து ஒடுங்குச்சுங்க. அடி வாங்கிப் பழகின பிள்ளை மாதிரிங்க.”

“பெட்டிக்கு அது தெரியலையே?”

“தெரியலீங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

“அதாவது, ஊர்ல இருக்கிற பெரிய பெரிய இன்ஜினியருங்க சேர்ந்து செஞ்ச பெட்டிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், இந்த மாசம் நாம மூணாவது இடம். குணசீலன் யாருன்னு தெரியுமில்ல? சரி, உங்க திருப்திக்கு அவரையே கூப்பிட்டுக் கேட்டுடறேன். நேர்மையான மனுசன், மறைக்க மாட்டார்.”

தமயந்தி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். “வேண்டாங்க சார்! தயவு செஞ்சு கேட்டுடாதீங்க. நீங்க அவரைக் கேட்டா, வீட்டுக்குப் போய் அவர் பிள்ளையக் கேப்பாரு.”

தாளாளர் கைபேசியைக் கீழே வைத்தார். ஆனால் அவர் முகத்தில் இருந்தது ஒரு நல்ல கழகத் தலைவரை இழந்துவிடக் கூடாதே என்ற கவலைதான்.

அன்று மாலை மணி அடித்த பிறகு ஆதிரை வழக்கம்போலப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் வேறு யாரும் இல்லை. தமயந்தி பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று பகலெல்லாம் யோசித்திருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“வீட்டுக்குப் போகப் பயமா இருக்குதா கண்ணு?”

ஆதிரையின் சிரிப்பு அகலமானது. அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். “பச்சையாத்தான மிஸ் இருக்குது?”

“ஆமா கண்ணு.”

“அப்ப ஒண்ணுமில்ல மிஸ்.”

பிள்ளை ஒரு நோட்டை உள்ளே வைத்து மறுபடி வெளியே எடுத்தாள்.

“வீட்லயும் அப்படித்தான் மிஸ். அடிச்சு முடிச்சதும் பெட்டி முன்னாடி நிக்கணும். பச்சை வந்தாப் போதும், அப்பா கதவத் திறந்துடுவாரு. முதல்ல ரொம்ப நேரம் ஆகும். இப்பல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துடுது.” கடைசி வாக்கியத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பிறகு என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. “மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அம்மாவுக்கும் அடி விழும் மிஸ்.”

அந்தச் சத்தியத்தைச் செய்துவிட வேண்டும் என்றுதான் தமயந்திக்கு இருந்தது. செய்தால் பிள்ளை நிம்மதியாக மூச்சு விடும்.

“அந்தச் சத்தியத்த மட்டும் பண்ண மாட்டேன் கண்ணு. உன்னையும் அம்மாவையும் பாதுகாக்கிறவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். நீ எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

ஆதிரை பையின் ஜிப்பை மூடினாள். சிரிப்பு மட்டும் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது.

தமயந்தி வராந்தாவுக்கு வந்து குழந்தைகள் உதவி எண் பத்து ஒன்பது எட்டை அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல். ஏதாவது இயந்திரம் பேசும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும் என்று எதிர்பார்த்திருந்தவள், மனிதக் குரலைக் கேட்டதும் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேச ஆரம்பித்தாள்.

“எங்கிட்ட ஆதாரம்னு எதுவும் இல்லீங்க. எங்க பெட்டில பச்சைதான் காட்டுது...”

“எந்தப் பெட்டிங்க? இருக்கட்டும். ஆதாரம் தேடறது எங்க வேலைங்க மேடம். உங்களுக்குச் சந்தேகம் வந்ததே போதும். நீங்க பார்த்தத, கேட்டத மட்டும் சொல்லுங்க.”

தமயந்தி சொன்னாள். உயர்த்திய கை, முழுக்கைச் சட்டை, இரண்டு கதை சொன்ன ஒரே தழும்பு, பூட்டிய கதவு. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். அந்தப் பெண் எதற்கும் வியக்கவில்லை. “பிள்ளை இப்ப எங்க? வீட்டுக்கு அனுப்பாம உங்க கூடவே வச்சிருக்க முடியுங்களா? கிளம்பி வந்துட்டே இருக்காங்க” என்றாள்.

வேன் ஆதிரையை விட்டுவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் குணசீலனின் கார் வந்தது.

வெள்ளைச் சட்டையும் நெற்றியில் குங்குமமுமாக அவர் வகுப்புக்குள் வந்தார். பின்னாலேயே தாளாளர்.

“என்ன டீச்சர், பாப்பாவ வேன்ல ஏத்தலையாம்? ஸ்பெஷல் கிளாஸா?” கனிவான குரல். குரலைக் கேட்டதும் ஆதிரை எழுந்து நின்றாள். அவளுடைய முகம் பெட்டி பார்த்ததிலேயே மிகச் சிறந்த மலர்ச்சியைக் காட்டியது.

“கணக்குல ஒரு பாடம் பாக்கி இருக்குதுங்க” என்றாள் தமயந்தி. குரல் நடுங்கியது. திரையில் தமயந்தியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் விழுந்தது. பக்கத்திலேயே ‘விருந்தினர்’ என்று ஒரு வரி தோன்றி, குணசீலனுக்குப் பளிச்சென்று பச்சை எரிந்தது.

தாளாளர் திரையைக் காட்டினார். “பாத்தீங்களா டீச்சர்? அப்பாவுக்கும் பச்சை, பிள்ளைக்கும் பச்சை. இந்த ரூம்ல கவனிக்க வேண்டியது நீங்க ஒருத்தர்தான்.”

“பச்சையா இருந்தா சரிங்க சார்” என்று சொல்லிக்கொண்டே தமயந்தி பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இந்த ஒரு கணக்கு முடிச்சிடட்டும்.”

குணசீலன் புன்னகை மாறாமல் மகளின் பையை எடுக்கக் கையை நீட்டினார். ஆதிரை சுவரோடு ஒட்டினாள். அதைத் தாளாளரும் பார்த்தார். பார்த்துவிட்டு, உடனே திரையைப் பார்த்தார்.

அப்போது வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் மெர்லின். மற்றவள் சீருடை போடாத காவலர். மெர்லின் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குணசீலனை வெளியே இருக்கச் சொன்னாள். ஆதிரையின் உயரத்துக்குக் குனிந்து, “நான் மெர்லின். உனக்கு இங்க பேசப் பிடிக்குமா, வேற எங்கயாவது போலாமா?” என்று கேட்டாள்.

“பெட்டி இல்லாத இடத்துக்குப் போலாங்களா?” என்றாள் ஆதிரை.

நூலகத்தில் பெட்டி இல்லை. புத்தகம் படிக்கும் பிள்ளைகள் சிரிப்பதில்லை என்பதால் தாளாளர் அங்கே மாட்டவில்லை. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய சிரிப்பு இறங்கியதாம். இறங்கிய பிறகு வெகுநேரம் அழுதாளாம். மெர்லின் பிறகு தமயந்தியிடம் சொன்னாள்.

அன்றே ஆதிரையின் அம்மா தேவிகாவும் பேசினாள். குழந்தைகள் நலக் குழுவின் ஏற்பாட்டில் தாயும் மகளும் சத்தியமங்கலத்தில் தேவிகாவின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். குணசீலன் மேல் வழக்கு பதிவானது. அவர் வீட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிஷி பள்ளிக்கு வந்தான்.

“அதிகமா பயன்படுத்துற வீடுன்னு எங்க கணக்குல இவங்கதான் மேடம் முதலிடம்” என்றான் தமயந்தியிடம். “பாராட்டி ஒரு கேடயம்கூட அனுப்பினோம்.” பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “அடுத்த பதிப்புல அளவுக்கு மீறிச் சிரிக்கிற பிள்ளைகளையும் கண்டுபிடிக்கலாம்னு இருக்கோம். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு சொன்னா...”

“என் கையப் பாத்து அது பயந்துச்சுப்பா. அவ்வளவுதான்.”

“அதப் பெட்டிக்குக் கத்துக்குடுக்க எத்தன மாதிரி கிடைக்கும் மேடம்? ஆயிரம் பிள்ளைங்களாவது பயப்படணுமே” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டு, அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

விசாரணைக்கு வந்த மெர்லின் பள்ளியில் எல்லோரிடமும் பேசினாள். அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் இறங்காமல் அடம்பிடிக்கும் என்று வேன் ஓட்டுநர் சொன்னார். சட்டைக்கையை மடிக்கச் சொன்னபோது ஒரு காயத்தைப் பார்த்ததாகத் தமிழாசிரியை சொன்னாள். விளையாட்டில் அந்தப் பெண் முதுகைத் தொட விடமாட்டாள் என்று துரைக்கண்ணு சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் பெட்டிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த மாதம் ஒளிமயத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பள்ளிக்கு வராத பிள்ளையைப் பெட்டி கணக்கில் சேர்ப்பதில்லை. ‘பெட்டியின் முன் அனுமதியின்றிச் சந்தேகப்பட்டமைக்கு விளக்கம் அளிக்கவும்’ என்று தமயந்திக்கு ஒரு மெமோ வந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் நிறுவனத் தலைவருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு என்று மெர்லின் தாளாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மறுநாளே அந்த மெமோ அச்சுப்பிழை என்று அறிவிக்கப்பட்டது.

பிறகு ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் துரைக்கண்ணு ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மேலே பெட்டியைப் பார்த்துவிட்டு, தமயந்தியை வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“மேடம், ஏழாம் வகுப்புல நம்ம ஹாஸ்டல் பையன் ஒருத்தன். ஓட்டத்துல நல்லா வந்துட்டு இருந்தான். ஒரு மாசமா காலை இழுத்து நடக்குறான். கேட்டா சிரிக்கிறான்.” அவர் கழுத்து விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார். “நாந்தான அந்தச் சிரிப்பச் சொல்லிக் குடுத்தேன்.”

“வீட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா மாஸ்டர்?”

“வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சுங்க. ஹாஸ்டல்லதான். ராத்திரி படிக்காத பசங்கள வார்டன் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு பேச்சு. அங்க பெட்டி கெடையாதுங்க.”

வார்டன் தாளாளரின் மச்சினன். பள்ளியில் அது தெரியாதவர் கிடையாது.

“நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க மேடம். உங்களுக்குப் பழக்கம்.”

“நான் பாக்கலீங்களே மாஸ்டர். பாத்தது நீங்க. நீங்க சொன்னாத்தான் நல்லது. நான் பக்கத்துல இருக்கேன்.”

துரைக்கண்ணு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இதே பள்ளியில் இலவசமாகப் படிக்கிறார்கள். பிறகு கைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். காதில் வைத்ததும் காலைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

“வணக்கங்க. எம்பேரு துரைக்கண்ணு. பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டருங்க.” மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும் அந்தக் குரல் பக்கத்தில் நின்ற தமயந்திக்கே சரியாகக் கேட்கவில்லை. “இல்லீங்க, உறுதியாத் தெரியாதுங்க. சந்தேகந்தாங்க.”

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

“சொல்றேங்க” என்றார். “எல்லாத்தையும் சொல்லிடறேங்க.”